ஹமில்டன் கால்வாய்க் கரையில் ஒரு நடைபாதை வாசல்: உப்பு தின்ற இருக்கையும் நின்ற இருக்கையும்

நான்கு நாள் விடாமல் பெய்த ஒக்டோபர் மழைக்குப் பிறகும், கால்வாய்க் கரை நடைபாதைக்கு நாங்கள் அமைத்த வாசலின் தரையில் குட்டை இல்லை, இருக்கையின் அடி உதிரவில்லை, கிடுகு ஒழுகவில்லை. மூன்றும் ஒன்றாக அமைந்தது இதுதான் முதல் தடவை. ஆகவே வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, அளவும் கணக்கும் மறக்குமுன் எழுதி வைக்கிறோம்.

இடம்: கொழும்பு 15இலிருந்து மட்டக்குளிப் பாலத்தால் களனி கங்கையைக் கடந்தவுடன் வரும் பக்கம். ஹமில்டன் கால்வாயின் கரையோர நடைபாதைக்கும் வீதிக்கும் இடையில் 9 மீற்றருக்கு 6 மீற்றர் துண்டு நிலம். துருப்பிடித்த ஒரு சங்கிலி, எழுத்து வெளுத்துப்போன ஃபிளெக்ஸ், ஒரு குப்பைமேடு, இவ்வளவுதான் அங்கே இருந்தது. நடைபாதை நன்றாகவே இருந்தது, நுழைகிற இடம்தான் இல்லை. பக்கத்து வீட்டுச் சனங்களே அதை ‘வாய்க்கால் பக்கம்’ என்று சொல்லி முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள்.

கால்வாய் ஒதுக்கீட்டு நிலம் என்பதால் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் கைவைக்க வேண்டும். நிரந்தரக் கூரை கூடாது, கரையின் சரிவை வெட்டக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள் கிடைத்தன. பின்னால் பார்த்தால் இரண்டும் நல்லதுக்கே.

மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. பாலைவன ஊர்களில் நடைபாதை வாசல்களை நன்றாகச் செய்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில், ஸ்கொட்ஸ்டேல் நகரத்தின் மக்டொவல் சொனோரன் காப்பகத்துக்கு 2009இல் திறந்த வாசல் அதில் பேர்போனது. அந்த நிலத்து மண்ணையே திமிசு போட்டு இறுக்கிய சுவர், நிழல், உட்கார இடம், அந்த இடத்துச் செடிகள். கட்டடம் பாதையை மறைத்துக்கொண்டு நிற்காமல் ஆளைப் பாதைக்குள் இழுத்து விடுகிறது. அதைத்தான் எடுத்துக்கொண்டோம். எடுக்கக்கூடாத ஒன்றையும், அதாவது இறுக்கிய மண் வேலையை, சேர்த்து எடுத்துக்கொண்டோம். அங்கே ஆண்டுக்கு மழை 200 மில்லிமீற்றர் அளவு; கொழும்பில் 2,400 அளவு. இந்த ஒரு வித்தியாசம் முதல் மூன்று மாத வேலையைத் தின்றது.

மட்டம் பார்த்தது

முதல் வேலை மட்டம். 25 அடி தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டி எடுத்து, வீதி விளிம்பை 0 என்று வைத்துப் பதினாறு இடத்தில் அளந்தோம். கால்வாய்ப் பக்க மூலை வீதியைவிட 22 செ.மீ. தாழ்வு. நடுவில் சட்டி மாதிரி ஒரு பள்ளம். அலவாங்கால் 60 செ.மீ. குழி ஒன்று தோண்டி மறுநாள் பார்த்தால் 45 செ.மீ. ஆழத்தில் தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், கால்வாய் கழிவுநீரும் வாங்குகிற கால்வாய். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்ட 2,800 ரூபாய்க்கு வாங்கிய கையடக்க டிடிஎஸ் மீற்றரே போதும்: உப்புத் தண்ணீர். அந்த எண்ணைக் குறித்து வைத்தோம், ஆனால் அதன் பொருளை அன்றைக்கு யோசிக்கவில்லை.

மண் இருக்கை

2.4 மீற்றர் நீளம், 40 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். 12 மி.மீ. பிளைவூட்டில் அச்சுப் பெட்டி. சரளை கலந்த செம்மண்ணுக்கு எடையில் 8 சதவீதம் சீமெந்து. ஓர் இருக்கைக்கு ஒன்றேகால் மூட்டைக்குக் கிட்டப் போகும். 12 செ.மீ. தடிப்பில் ஒவ்வொரு அடுக்காகப் போட்டு 7 கிலோ திமிசால் இடித்தோம்.

பிழை ஒன்று: மண்ணில் ஈரம் கூடிவிட்டது. கைப்பிடி மண்ணை உருண்டையாகப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் மூன்று நான்கு துண்டாக உடைய வேண்டும். எங்களுடையது சாணி மாதிரிச் சப்பென்று ஒட்டியது. ‘காய்ந்தால் சரியாகும்’ என்று தொடர்ந்தோம். சரியாகாது. ஈரம் கூடினால் திமிசு இறுக்குவதில்லை, மண்ணைப் பக்கவாட்டில் தள்ளுகிறது.

பிழை இரண்டு இதைவிட மோசம். குழாய்த்தண்ணீர் 80 மீற்றர் தூரத்தில் இருந்தது, கால்வாய் 4 மீற்றரில். கலவைக்குக் கால்வாய்த் தண்ணீரை அள்ளி ஊற்றினார்கள். யாரும் தடுக்கவில்லை.

பிழை மூன்று: நிலத்துக்கும் இருக்கைக்கும் நடுவில் ஈரத்தடுப்பு வைக்கவில்லை. மேலே மூடியும் இல்லை.

அச்சைக் கழற்றின அன்று இருக்கை அழகாகத்தான் இருந்தது, அடுக்கடுக்காக, வாழைப்பட்டை நிறத்தில். மூன்றாவது வாரம் முதல் கடும் மழை. அது காய்ந்தபோது அடியிலிருந்து ஒரு சாண் உயரம் வரைக்கும் மாப்பூச்சு மாதிரி வெள்ளை. விரலால் தடவினால் மண்ணும் கூடவே வந்தது. நிலத்தடித் தண்ணீர் மண்ணின் துளைகளுக்குள்ளால் மேலே ஏறுகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு மட்டும் துளைக்குள் படிகமாகிறது. படிகம் வளர வளர மண்ணைத் தள்ளி உதிர்க்கிறது. ஆறாவது வாரம் ஒரு மூலை மொத்தமாக விழுந்தது. மிச்சத்தை அலவாங்கால் உடைத்துப் பள்ளத்துக்கு நிரப்பாகப் போட்டோம்.

அந்த வெள்ளைதான் கடைசியில் வாசலின் பெயர்ப்பலகைக்கு விஷயம் தந்தது. இந்தக் கால்வாயின் வரலாறே உப்பின் வரலாறு. வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் வழியாக அலைத்தண்ணீர் உள்ளே ஏறி வயல் உவரானது. உப்புத் தண்ணீரை வடித்துவிட ஆங்கிலேயர் 1802இல் புதுக்கால்வாய் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தார்கள். அப்போது வருவாய்க்குப் பொறுப்பாக இருந்த கவின் ஹமில்டனின் பெயர் அதற்கு. நீர்கொழும்புப் பக்கம் வரை சுமார் 14.5 கி.மீ. ஆனால் உப்பு வடியவில்லை, வயலும் திரும்பவில்லை. வயல் கைவிடப்பட்டதால் சதுப்பு சதுப்பாகவே நின்றது. 3,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில் வடபகுதி 1996இல் சரணாலயம் ஆனது. இருநூறு வருடத்துக்கு முன்னால் வயலில் நடந்தது எங்கள் இருக்கையில் ஆறு வாரத்தில் நடந்தது.

கபொக் இருக்கை

செம்புரைக்கல் என்றால் கடையில் விளங்காது, கபொக் கல் என்று கேட்க வேண்டும். கோட்டை இராச்சியத்தின் மதிலுக்கும் இதே கல்தான். 15 × 8 × 6 அங்குலம் என்று சொல்லித் தருவார்கள். அளந்தால் அரை அங்குலம் கூடும் குறையும், அதற்கு ஏற்றபடி சாந்து தடிக்கும். வாங்கும்போது இரண்டு கல்லை மோதிப் பாருங்கள். ‘டக்’ என்று கேட்டால் எடுங்கள், ‘தொப்’ என்றால் விடுங்கள். துளைக்குள் மஞ்சள் களிமண் இருந்தால் மழையில் கரைந்து ஓட்டையாகும், அதையும் ஒதுக்குங்கள். புதிதாக வெட்டின கல் மெது, காற்றுப்பட வைத்தால் இறுகும். நாங்கள் நான்கு வாரம் அடுக்கி வைத்தோம். கல் 110 ரூபாய்ப்படி 125 கல், லொறிக்கூலி 9,000.

ஓர் இருக்கைக்கு ஒரு வரியில் 12 கல், மூன்று வரி, ஆக 36. மூன்று இருக்கைக்கு 108, மிச்சம் உடைசலுக்கு. அடியில் 2.5 மீற்றர் × 50 செ.மீ. × 15 செ.மீ. கொங்கிறீற்று, சீமெந்து, மணல், கல் 1:2:4 விகிதத்தில். முதல் வரிக் கல்லின் மேல் தார்ப்பூச்சு இரண்டு கை, பிறகு தடித்த பொலித்தீன், விளிம்பு இரண்டு பக்கமும் 3 செ.மீ. வெளியே தெரிகிற மாதிரி. அந்தப் பொலித்தீனை அழகுக்காக உள்ளே மடித்துச் சாந்து பூச மேசன்மார் கைநீட்டுவார்கள். விடாதீர்கள், சாந்து பாலமாகி ஈரம் மறுபடியும் ஏறும்.

கல்லை வைக்கும் முன் தண்ணீரில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும். சாந்து 1:5. தண்ணீர் முழுக்கக் குழாய்த்தண்ணீர், 20 லீற்றர் கேன்களில். முதல் வரியில் பாதி நிலத்துக்குள். மேலே 5 செ.மீ. சீமெந்துச் சாந்து மூடி, பின்பக்கம் சற்றுச் சரிவாக. மூடியின் விளிம்பு கல்லைவிட 2.5 செ.மீ. வெளியே, அடியில் 6 மி.மீ. கம்பியைப் பதித்து எடுத்து ஒரு காடி. மழைத்துளி கல்லில் வழியாமல் அந்தக் காடியில் நின்று சொட்டும். முடிந்த உயரம் 46 செ.மீ. வயதானவர்கள் கைப்பிடி இல்லாமல் எழும்ப இது சரியாக இருக்கிறது. 40க்குக் கீழே போனால் முழங்கால் பேசும்.

தரையும் சரிவும்

முதலில் கல்லுத்தூளை மட்டும் கொட்டி மட்டமாக வாரினோம். ஒரே மழையில் பாதி கால்வாய்க்குப் போனது, மீதி பாயாசமானது. அரைக் கியூப் தூள் (ஒரு கியூப் 100 கன அடி), 5,000 ரூபாய்.

இரண்டாம் முறை: 15 செ.மீ. தோண்டி, ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, ஏ.பி.சி. கல்லுக்கலவை 10 செ.மீ., இரண்டு தடவையாக வாடகை மெஷினால் இறுக்கி, மேலே 3 செ.மீ. தூள் நனைத்து இறுக்கினோம். நடக்கிற பரப்பு 36 சதுர மீற்றருக்கு ஏ.பி.சி. இரண்டு கியூப் போனது. 1.6 கியூப் போதும் என்று கணக்குச் சொன்னது, பள்ளம் மிச்சத்தைத் தின்றது. சரிவு 50க்கு 1, கால்வாயை நோக்கி அல்ல, பக்கத்தில் தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடும் பசும் வடிகாலை நோக்கி. ஓரம் கருங்கல். கபொக் ஓரமும் அழகுதான், ஆனால் மிதிபடும் இடத்தில் தேயும்.

வீதியிலிருந்து இறங்கும் சாய்தளத்தை முதலில் 1.5 மீற்றர் நீளத்தில் போட்டுவிட்டோம். 22 செ.மீ. இறக்கத்துக்கு அது ஏழுக்கு ஒன்று. சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தபோது இறங்குவது ஓட்டம், ஏறுவது யுத்தம். 12க்கு 1 என்றால் 2.64 மீற்றர் வேண்டும். உடைத்து 2.7 மீற்றராகப் போட்டோம், அகலம் 1.5, மேற்பரப்பில் ஈர்க்குமாற்றால் குறுக்குக் கோடு. கணக்கை முதலே ஒரு தாளில் போட்டிருந்தால் ஒரு நாள் கூலி மிச்சம்.

வடிகாலும் நுளம்பும்

பசும் வடிகால் 40 செ.மீ. அகலம், 25 ஆழம், 9 மீற்றர் நீளம். வெட்டி முடித்து வாளியால் தண்ணீர் ஊற்றிப் பரீட்சித்தோம். நான்காம் நாளும் தண்ணீர் நின்றது, அடியில் களி. கொழும்பில் இது அழகுப் பிரச்சினை அல்ல, டெங்குப் பிரச்சினை. முட்டை நுளம்பாக ஒரு கிழமை அளவு எடுக்கும் என்பதால், இரண்டு நாளில் வடிய வேண்டும் என்று எல்லை வைத்தோம். அடியை இன்னும் 15 செ.மீ. தோண்டி, 8 மி.மீ. துளை போட்ட பிவிசி குழாயைத் துணியால் சுற்றி வைத்து, முக்கால் அங்குல மெட்டல் கல் நிரப்பி, மேலே மணல் கலந்த மண். இப்போது ஒன்றரை நாளில் வடிகிறது. குழாயின் வாய் நேரே கால்வாயில் இல்லை, சம்பும் கோரையும் நட்ட ஒரு சின்னப் பாத்தியில் முடிகிறது. குழாய் வாய்க்குக் கம்பிவலை போடுங்கள், எலி குடியேறும்.

நுளம்புக்கு இன்னொரு மறைவிடம் மூங்கில். கைப்பிடிக்கு நட்ட மூங்கில் கால்களைக் கணுவுக்கு மேலே வெட்டியிருந்தோம். ஒவ்வொன்றும் ஒரு குவளை. கணுவோடு சேர்த்து வெட்ட வேண்டும், அல்லது வாயைச் சாந்தால் அடைக்க வேண்டும். அடைத்தோம்.

நிழல்

பாலைவன வாசலில் பட்டிகளுக்கு இடையில் இடைவெளி விட்டு நிழல் செய்வார்கள். இங்கே அது குளியலறை. அனுமதியில் நிரந்தரக் கூரையும் இல்லை. ஆகவே 2 அங்குல ஜீ.ஐ. பைப் கால் நான்கு, மேலே 3.6 × 2.8 மீற்றர் சட்டம், 35 பாகை சரிவு, கிடுகு. 10 செ.மீ. இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி 80 கிடுகு முடிந்தது. முதலில் 15 செ.மீ. விட்டுக் கட்டி ஒழுகியது, அவிழ்த்துத் திரும்பக் கட்டினோம். கயிறு தும்புக்கயிறே, கட்டுக்கம்பி உப்புக்காற்றில் ஒரு வருடம் தாங்காது.

கால் குழி 45 செ.மீ.க்குக் கீழே போனால் ஊற்று. தாச்சியால் இறைத்துக்கொண்டே கொங்கிறீற்றுப் போட்டோம். பைப் நிலத்தோடு சேரும் கழுத்தில்தான் துரு தொடங்கும். கொங்கிறீற்றை நிலத்துக்கு மேலே 5 செ.மீ. கூம்பாக எழுப்பி, ஒரு சாண் உயரம் வரை தார் பூசினோம்.

செடி

தோண்டும் முன் அங்கிருந்த கோரையையும் தாழைக்கன்றுகளையும் மண்ணோடு பையில் எடுத்து வைத்தோம், அரிசோனாக்காரர் கள்ளியை எடுத்து வைத்துத் திரும்ப நடுகிற மாதிரி. இது மட்டும் அப்படியே பலித்தது. வாங்கி நட்ட மருது, புங்கை, சமுத்திரப்பழம் ஏழில் மூன்று போய்விட்டன. பெப்ரவரியில் நட்டதுதான் காரணம்; அப்போது மழையும் குறைவு, உப்பும் ஏறியிருக்கும். ஒக்டோபரில் திரும்ப நட்டது நிற்கிறது. பூவரசுக்குக் கன்றே வேண்டாம், மணிக்கட்டுத் தடிப்பில் 1.5 மீற்றர் கம்பை ஊன்றினால் துளிர்க்கிறது. வாரி எடுத்த ஆகாயத்தாமரையை வேறு நீர்நிலைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இலங்கையில் அதற்கு எதிராக 1909இலேயே சட்டம் போட்டார்கள். கரையிலேயே காயவிட்டுக் குழியில் மக்க வைத்தோம்.

பலகை

மூன்று மொழியில் 1.2 × 0.8 மீற்றர். முதல் முறை ஃபிளெக்ஸ், 4,500 ரூபாய். தமிழ் எழுத்தைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தோம். அச்சுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. யூனிகோட்டில் மாற்றி அனுப்பியபோது பழைய மென்பொருள் கொம்பை இடம் மாற்றியது: ‘கொழும்பு’ என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. யாரும் பார்க்காமல் அச்சாகி, கட்டியும் முடிந்த பிறகு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை காட்டியது. இந்த ஊரில் பிழைத் தமிழ்ப் பலகை ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது, இன்னொன்றை நாங்களே நட்டது வெட்கம்.

இரண்டாம் முறை எழுத்துகளை வரைகோடாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாக மட்டும் கொடுத்தோம். ஒற்றைத்தாளில் மாதிரி எடுத்து, கொம்பு வரும் ஒவ்வொரு எழுத்தையும் பேனாவால் தட்டித் தட்டி இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தோம். ஃபிளெக்ஸுக்குப் பதில் அலுமினியத் தகட்டுப் பலகை, வெயில் தாங்கும் மேற்பூச்சோடு, 27,000. தமிழ் வசனம் இடத்தைக் கூடப் பிடிக்கும். எழுத்தைச் சின்னதாக்காமல் வசனத்தை வெட்டினோம். மூன்று மொழிக்கும் ஒரே எழுத்து உயரம். கீழ் விளிம்பு நிலத்திலிருந்து 75 செ.மீ., பலகை மேசை மாதிரிச் சாய்வு. சக்கர நாற்காலியில் இருப்பவரும் ஏழு வயதுப் பிள்ளையும் குனியாமலும் எட்டிப் பார்க்காமலும் வாசிக்க முடிகிறது.

பலகைக்குப் பக்கத்தில் கால்வாய்க்குள் செ.மீ. கோடு போட்ட ஒரு கம்பமும், கரையில் கரும்பலகைத் துண்டு ஒன்றும் இருக்கின்றன. சனிக்கிழமை காலை பக்கத்துப் பிள்ளைகள் தண்ணீர் மட்டத்தையும் டிடிஎஸ் மீற்றர் காட்டும் எண்ணையும் சோக்கால் எழுதுகிறார்கள். மழைக்குப் பிறகு நூற்றுக்கணக்கில் இருப்பது வறட்சியில் ஆயிரங்களுக்கு ஏறும். வருகிறவர்கள் வரலாற்றுப் பந்தியைவிட இந்த எண்ணுக்கு முன்னால்தான் அதிகம் நிற்கிறார்கள். ‘ஏன் இந்தக் கிழமை ஏறியிருக்கு?’ என்று கேட்ட பிறகே பலகைப் பக்கம் திரும்புகிறார்கள்.

கணக்கு

மொத்தம் 318,350 ரூபாய். கூலிதான் பெரிது: மேசன் 9 நாள் 4,500படி, கையாள் 14 நாள் 3,200படி, ஆக 85,300. பைப்பும் வெல்டிங்கும் 38,000. சீமெந்து 12 மூட்டை 25,200. மணல் ஒரு கியூப் 24,000. ஏ.பி.சி. 22,000. இரும்புச் சாமான்களைப் பழைய சோனகத் தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி எடுத்தோம். மண் இருக்கை, முதல் தூள், குட்டைச் சாய்தளம், பிழைப் பலகை நான்கிலும் வீணானது சுமார் 36,000. அச்சுக்கு வாங்கிய பிளைவூட் பிறகு கொங்கிறீற்று அடைப்புக்கு உதவியதால் அதைச் சேர்க்கவில்லை.

அடுத்த வாசலுக்கு மாற்றப்போவது: முதல் நாளே 80 மீற்றர் தோட்டக் குழாய். வடிகாலை எல்லாவற்றுக்கும் முன்னால் வெட்டி, ஒரு மழை பார்த்த பிறகே தரை. இருக்கை மூன்றில் ஒன்றையாவது கால்வாய்ப் பக்கம் முகம் பார்க்க வைக்க வேண்டும். இப்போது மூன்றும் வீதியைப் பார்க்கின்றன, ஆட்கள் காலைத் தூக்கி மறுபக்கம் போட்டுத் திரும்பி உட்காருகிறார்கள். கிடுகு அடுத்த மே மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும், அதற்கு 80 கிடுகும் ஒரு நாளும் இப்போதே ஒதுக்கியாயிற்று.